கஞ்சா: எடையும் வயதும்

விழுப்புரம் ஜங்ஷனில் இத்தனை கிலோ, திண்டிவனம் சாலையில் இத்தனை கிலோ கஞ்சா பிடிபட்டது என்று செய்தி வந்தவண்ணம் இருக்கிறது. போலீஸார் தம் கடமையைச் செய்கிறார்கள், குறை கூறோம். 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டமும் பெரும்பாலும் தராசைக் கொண்டே தண்டனையை நிர்ணயிக்கிறது: 1 கிலோவுக்குட்பட்டது சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேற்பட்டது வியாபார அளவு. சாஸ்திரமோ எடையை மட்டும் கேட்பதில்லை. புகைத்தவனுக்கு வயது என்னவென்று கேட்கிறது.

மனித மூளை ஏறத்தாழ 25 வயது வரையில் முற்றுப்பெறுவதில்லை. நிதானித்து முடிவு செய்யும் முன்பாகமே கடைசியில் பக்குவமடைகிறது. நரம்புகளின் இணைப்பை ஒழுங்குபடுத்தும் பொருள்களை மூளை தானே உண்டாக்கிக்கொள்கிறது. அவற்றுள் ஒன்றை 1992-ல் கண்ட விஞ்ஞானிகள், நமது ‘ஆனந்தம்’ என்ற சொல்லைக் கொண்டே அதற்கு ஆனந்தமைட் என்று பெயரிட்டனர். கஞ்சாவின் போதைச்சத்து அதே வாசலில் நுழைந்து, வீடு கட்டி முடியுமுன்னரே கொத்தனாரைக் குழப்புகிறது. நியூஜிலாந்தில் டனீடன் நகரில் 1972, 73-ல் பிறந்த 1,037 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். பருவ வயதிலேயே பழகி விடாமல் தொடர்ந்தவர்களுக்குப் புத்திக்கூர்மை எண் 8 புள்ளி வரை குறைந்ததென்று 2012-ல் வெளியிட்டார்கள். வயது வந்தபின் தொடங்கினோரிடம் அவ்வித இறக்கம் காணவில்லை. இரட்டையரை ஆராய்ந்த வேறு சிலர், குற்றம் கஞ்சாவினுடையதா, குடும்பச் சூழலினுடையதா என்று 2016-ல் ஆட்சேபித்தனர். வழக்கு இன்னும் முடியவில்லை. தீர்ப்பு வரும் வரையில் தன் பிள்ளையின் மூளையைப் பணயம் வைக்க எந்தத் தகப்பன் சம்மதிப்பான்?

அதே செடி மருந்தும் ஆகும். கல்கத்தா மெடிக்கல் காலேஜில் டாக்டர் ஓஷானஸி, நம் பண்டிதர்களிடமும் ஹகீம்களிடமும் கேட்டறிந்து, வலிப்பால் துடித்த கைக்குழந்தைக்கு அதன் சாரத்தைக் கொடுத்துப் பலன் கண்டதை 1839-ல் எழுதினார். போதையற்ற கன்னபிடயால் என்ற சத்தைக் குழந்தைகளின் இரண்டு கொடிய வலிப்பு நோய்களுக்கு அமெரிக்க சர்க்கார் அங்கீகரித்தது 2018-ல். நம் மண்ணில் தொடங்கிய காரியம் அன்னிய தேசத்தில் பட்டம் பெற்றது!

சட்டம் ஆராய்ச்சியைத் தடுப்பதாகச் சிலர் நினைக்கின்றனர். அது பிழை. 8-ஆவது பிரிவு மருத்துவத்திற்கும் விஞ்ஞானத்திற்கும் இடந்தருகிறது. அமெரிக்கர் 9, 10 வயதுப் பிள்ளைகள் 11,800-க்கு மேற்பட்டோரைச் சேர்த்து, மூளை வளர்ச்சியைத் தொடர்ந்து படமெடுத்து வருகின்றனர். நமக்கு முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி உண்டு. அருகே புதுச்சேரியில் ஜிப்மர் உண்டு. விழுப்புரம், திண்டிவனம் பள்ளிப் பிள்ளைகளில் சில நூறு பேரையேனும், பெற்றோர் சம்மதத்துடன், பெயர் வெளியிடாமல், பத்து வருஷம் கவனிக்கும்படி நம் அரசியல் ஊழியர்கள் தீர்மானம் நிறைவேற்றட்டும்.

இன்னொன்று. சிறிய அளவுடன் அகப்பட்ட அடிமை தானாகவே அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரிக்குச் சென்று சிகிச்சை பெற்றால், 64ஏ பிரிவு அவனை வழக்கினின்று விடுவிக்கிறது. இதை எத்தனை பெற்றோர் அறிவர்? அப்பிரிவைத் தமிழில் அச்சிட்டுப் பள்ளி வாசல்களிலும் விழுப்புரம் ஜங்ஷனிலும் ஒட்டுவதற்குப் பெரும் பணம் தேவையில்லை.