எண்ணெய் மூலம் காணுதல்

நதிமூலமும் ரிஷிமூலமும் ஆராயலாகாது என்பது முன்னோர் வாக்கு. எண்ணெய் மூலத்தையோ ஆராய்ந்தே தீரவேண்டியிருக்கிறது. கடற்கரையில் படிந்த எண்ணெய் யாருடையது? அதைத் துடைக்கும் கடமை எவரைச் சாரும்? இவ்வினாக்களுக்குரிய விடை எண்ணெய்க்குள்ளேயே அடங்கியுள்ளது.

நிலத்தின் ஆழத்தே நீரும் உலோகக் கார்பைடும் கூடியதால் எண்ணெய் பிறந்தது என்று ரஷ்ய அறிஞர் மெண்டலீவ் 1877இல் கருதினார். 1930களில் ஜெர்மானிய வேதியல் அறிஞர் ஆல்பிரட் டிரைப்ஸ் எண்ணெயில் பார்பிரின் என்னும் பொருளைக் கண்டார். அதன் வளைய அமைப்பு இலையின் பச்சையத்தை ஒத்திருந்தது. பச்சையத்தில் மக்னீசியம் இருக்கும் நடுவிடத்தில் வனேடியம் இருந்தது. உயிர்ப்பொருளே எண்ணெயாயிற்று என்பதற்கு இது வலிய சான்றாயிற்று.

இத்தகைய மூலக்கூறுகளை உயிர்ச்சுவடுகள் எனலாம். ஊன் அழிந்தும் எலும்பு எஞ்சுவதுபோல, பல கோடி ஆண்டு வெப்பத்திலும் அழுத்தத்திலும் இவற்றின் கரிச் சட்டகம் குலையாது எஞ்சுகிறது. பாசி முதலியவற்றின் ஸ்டெரால் ஸ்டெரேன் ஆகிறது. பாக்டீரியாவின் உயிரணுச் சவ்விலுள்ள பொருள் ஹோபேன் ஆகிறது. ஹோபேன் என்னும் பெயர், ஆசியக் காடுகளில் வளரும் ஹோபியா மரத்தால் வந்தது.

இவற்றை அறியும் முறை இது: எண்ணெயை ஆவியாக்கி நீண்ட நுண்குழாயில் செலுத்துவர். ஒவ்வொரு பொருளும் தனக்குரிய நேரத்தில் வெளிவரும். பின்னர் அதனைச் சிதைத்து, துண்டுகளின் நிறையை அளப்பர். எது உண்டு என்பதோடு, எது எவ்வளவு என்னும் விகிதமும் நோக்கப்படும்.

போர்னியோத் தீவை எடுத்துக்கொள்வோம். சரவாக்கின் மிரியில் 1910இல் முதல் எண்ணெய்க் கிணறு தோண்டப்பெற்றது. அத்தீவின் எண்ணெய் பலவற்றில் பைகெடினேன் என்னும் சுவடு காணப்படுகிறது. இது மெராந்தி முதலிய மரங்களின் குலத்துக்குரிய குங்கிலியத்தினின்று தோன்றுவது. உடன் காணப்படும் ஒலியனேன் பூக்கும் தாவரங்களைச் சுட்டுவது. ஆகவே, ஆறுகள் வாரிவந்து கழிமுகத்தில் புதைத்த பழங்காடே அங்கு எண்ணெயாயிற்று என்பது தெளிவு. எண்ணெய் யாவும் கடலுயிரின் எச்சமே என்று எண்ணுவது பிழையாகும்.

அலாஸ்காவில் நிகழ்ந்தது வேறு வகையான படிப்பினை. 1989 மார்ச் 24இல் எக்ஸான் வால்டீஸ் கப்பல் பாறையில் மோதியது. ஏறக்குறைய 37,000 டன் எண்ணெய் கடலில் கலந்தது. பின்னர் இளவரசர் வில்லியம் கடற்குடாவின் கரைகளில் கிடைத்த தார்க்கட்டிகளை ஆய்ந்தபோது வியப்பு காத்திருந்தது. கப்பலில் இருந்தது வட அலாஸ்கா எண்ணெய். கட்டிகள் பலவற்றின் சுவடுகளோ கலிபோர்னியாவின் மான்டரே பாறையெண்ணெயோடு ஒத்தன. 1964 நிலநடுக்கத்தில் வால்டீஸ் ஊரின் சேமிப்புத் தொட்டிகள் உடைந்து, அங்கிருந்து பரவிய தாரே அது என்று அறிஞர் முடிவு கட்டினர். இதனால் கப்பலின் குற்றம் நீங்கவில்லை. ஆயினும் அதன் பங்கு எது, பழைய கறை எது என்பது பிரிந்து நின்றது.

கடலில் எண்ணெயின் மெல்லிய பகுதி ஆவியாகிறது. நேர்சங்கிலிப் பொருள்களைப் பாக்டீரியா முதலில் உண்கிறது. ஹோபேனும் ஸ்டெரேனும் நெடுநாள் நிற்பதால் சாட்சிக்கு உதவுகின்றன. எனினும் ஒரு சுவட்டை மட்டும் கண்டு தீர்ப்புரைத்தல் தகாது. பல சுவடுகள் ஒருமுகமாய்ச் சொல்லும்போதே மூலம் உறுதியாகும். குற்றமற்றவன் தலையில் பழி ஏறாது.