வட்டக்களரிக்கு எத்தனை ஸ்பீக்கர்?

மட்டக்களப்புக் கூத்து வட்டக்களரியில் ஆடப்படுவது. சுற்றிவரச் சனம் இருக்கும். கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் மத்தளம், சல்லரியோடு களரிக்குள்ளேயே நிற்பர். சதங்கை கட்டிய ஆட்டக்காரர் வட்டமாகச் சுற்றி வருவர். வரவு ஆட்டத்தின்போது தாளக்கட்டுக்கு மிதிக்கும் கால் ஒருமுறை பக்கத்தில் கேட்கும், அடுத்த சுற்றில் களரியின் அந்தக் கரையில் கேட்கும். ஆட்டக்காரர் தரு என்னும் பாட்டைப் பாடி நிறுத்தியதும், வேறொரு திசையிலிருந்து பிற்பாட்டு அதை வாங்கிக்கொள்ளும். ஒலி இப்படி இடம் மாறுவதும் கூத்தின் இசையில் சேர்ந்ததே. இரண்டு ஸ்பீக்கர் வைத்த செட்டில் போட்டால் அத்தனையும் முன்சுவரில் வந்து ஒட்டிக்கொள்கிறது.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசென்று 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றைப் படச்சட்ட மேடையில் ஏற்றினார். கூத்துக்கு அதனால் கிடைத்த மதிப்பு பெரிது. கூடவே, பார்ப்பவர் ஒரு பக்கம், ஆடுபவர் எதிர்ப்பக்கம் என்ற ஒழுங்கும் வந்தது. வானொலி, கசெட், இறுவட்டு மூன்றும் அதே ஒழுங்கில்தான் ஒலியைத் தந்தன. கேட்பவரைச் சுற்றி நான்கோ ஐந்தோ அதற்கு மேலோ தடங்களில் ஒலியைத் தரும் பல்தட முறை, களரியின் வட்டத்தை வீட்டுக்குள் மீட்டுத் தரக்கூடியது. அதற்கு எந்த வடிவம், எந்தக் கருவி என்பதில்தான் பலர் குழம்பிப் பணத்தை வீணாக்குகிறார்கள்.

விளம்பரங்கள் முதலில் காட்டுவது மாதிரி வீதத்தை. 1982இல் வந்த இறுவட்டு ஒரு நொடிக்கு 44,100 மாதிரிகளை, ஒவ்வொன்றும் 16 பிட் அளவில் வைத்திருக்கிறது. அது 22 கிலோஹேர்ட்ஸ் வரையான ஒலியைத் தாங்கும். மனிதக் காதின் எல்லையோ ஏறத்தாழ 20 கிலோஹேர்ட்ஸ். உயர்தெளிவு ஒலி என்று விற்கப்படுவது பெரும்பாலும் 24 பிட், 96 அல்லது 192 கிலோஹேர்ட்ஸ். இந்த வேறுபாடு காதுக்குத் தெரிகிறதா என்று 2007இல் மேயர், மோரன் ஆகிய இருவர் எது எதுவென்று சொல்லாமல் நடத்திய சோதனையில் கேட்டவர்களின் விடைகள் பாதிக்குப் பாதிதான் சரியாக இருந்தன. நாணயம் சுண்டினாலும் அவ்வளவுதான் வரும். பல ஆய்வுகளை 2016இல் தொகுத்துப் பார்த்த ஜோஷுவா ரைஸ், மிகச் சிறிய அளவில் வேறுபாடு தெரிகிறது என்று கண்டார். எனவே கையில் உள்ள காசை மாதிரி வீதத்தில் போடுவதைவிடத் தடங்களின் எண்ணிக்கையிலும் ஸ்பீக்கர்களிலும் போடுவதே புத்தி.

24 பிட்டின் பயன் வேறு. அது பதிவு செய்யும் நேரத்தில் கைகொடுக்கிறது. ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் மத்தளம் அதிர்கிறது. அதே நேரம் களரியின் மறுகரையில் ஒருவர் தாழ்ந்த குரலில் வசனம் பேசுகிறார். 16 பிட்டில் மத்தளம் வெடிக்காமல் அளவைக் குறைத்து வைத்தால் வசனம் அடியிலுள்ள இரைச்சலுக்கு அருகே போய்விடும். 24 பிட்டில் தாராளமாக இடம் விட்டுப் பதிந்து, பிறகு உயர்த்திக்கொள்ளலாம்.

கடையில் கிடைக்கும் பல்தட வட்டுகளில் ஒன்று சோனியும் பிலிப்ஸும் 1999இல் கொண்டுவந்த எஸ்ஏசிடி. ஒரு பிட் மாதிரிகளை நொடிக்கு 28 இலட்சத்துக்கு மேல் எடுக்கும் தனி முறை அதனுடையது. ஆறு தடம் வரை கொள்ளும். அடுத்த ஆண்டு வந்த டிவிடி-ஆடியோ ஆறு தடங்களை 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸில் தந்தது. சந்தையில் அது நெடுநாள் நிற்கவில்லை. ப்ளூ-ரே வட்டு எட்டுத் தடம் வரை, இழப்பில்லாத சுருக்கமான டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ ஆகியவற்றோடு வந்தது. டால்பி அட்மாஸ் தலைக்கு மேலும் ஒலியை வைக்கிறது. 2021 முதல் ஆப்பிள் மியூசிக்கில் அட்மாஸ் பாடல்கள் கிடைக்கின்றன. இணையத்தில் வருவது இழப்புள்ள சுருக்கம், ப்ளூ-ரேயில் உள்ளது இழப்பில்லாதது.

மேற்கத்திய இசைக்குழுப் பதிவுகளை விரும்புபவருக்கு இந்த வட்டுகள் பெரும் செல்வம். அவர் கருவி வாங்கும்போது அட்டையைக் கூர்ந்து பார்க்க வேண்டும். சோனியின் யூபிபி-எக்ஸ்800எம்2 எஸ்ஏசிடி, டிவிடி-ஆடியோ, ப்ளூ-ரே மூன்றையும் ஓட்டும். பானாசோனிக்கின் விலைகூடிய யூபி9000 எஸ்ஏசிடியைத் தொடாது. எல்லா வட்டையும் ஓட்டுவதில் பேர்போன ஓப்போ 2018இல் இந்தத் தொழிலையே விட்டுவிட்டது. கூத்தையும் வசந்தனையும் கண்ணகி வழிபாட்டுப் பாடல்களையும் கேட்க விரும்புபவர் வட்டுக்குக் காத்திருப்பதில் பொருளில்லை. இவை பல்தடத்தில் வந்தால் கோப்பாகத்தான் வரும். மட்டக்களப்பு வாவிக் கரையின் உப்புக்காற்றும் ஈரப்பதமும் வட்டு ஓட்டும் கருவியின் லேசர் வில்லைக்கு ஆகாது என்பதும் கோப்பின் பக்கமே சேர்கிறது.

கோப்புகளில் ஃபிளாக் முதலிடத்துக்குரியது. 2001இல் வந்த இது எவருக்கும் உரிமைக் கட்டணம் இல்லாதது. எட்டுத் தடம் வரை கொள்ளும். ஒலியில் ஒரு துளியும் இழக்காமல் அளவைக் குறைக்கும். ஆறு தடம், 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸ் என்றால் சுருக்காத நிலையில் ஒரு மணி நேரத்துக்கு 6.2 ஜிகாபைட். எட்டு மணி நேரம் விடிய விடிய ஆடும் கூத்துக்கு 50 ஜிகாபைட். ஃபிளாக் இதைப் பெரும்பாலும் பாதியளவுக்குக் கொண்டுவரும்.

களரியைப் பதியச் சிறந்த வழி அம்பிசோனிக்ஸ். 1970களில் இங்கிலாந்தில் மைக்கேல் கெர்சன் வளர்த்தெடுத்த முறை இது. ஒரே புள்ளியில் நான்கு ஒலிவாங்கிகளை நான்கு திசை நோக்கி வைத்து, அவற்றிலிருந்து மொத்த அழுத்தம், முன்பின், இடவலம், மேல்கீழ் என நான்கு தடங்களைக் கணக்கிட்டு எடுப்பார்கள். அந்த நான்கிலிருந்து ஹெட்போனுக்கோ நான்கு ஸ்பீக்கருக்கோ ஐந்துக்கோ வேண்டியபடி பிரித்துக்கொள்ளலாம். 2018இல் வந்த ஜூம் எச்3-விஆர் போன்ற கையடக்கக் கருவி ஒன்றே போதும்.

அதை எங்கே வைப்பது என்பது கலைத் தீர்மானம். சனத்தோடு வைத்தால் களரி முன்னே விரியும், பின்னால் ஊர்ப் பேச்சும் குழந்தைகளின் சத்தமும் இருக்கும். பார்த்தவர் கேட்டது அதுதான். அண்ணாவியாருக்குப் பக்கத்தில் வைத்தால் ஆட்டக்காரர் கேட்பவரையே சுற்றி வருவர். பல்தடத்தின் முழு வலிமையும் இந்த இரண்டாவது இடத்தில்தான் தெரியும். ஆட்டம் பழகும் பிள்ளைகளுக்கும் அண்ணாவியாரின் காதுக்கு எட்டுவது எதுவென்று அது சொல்லிக்கொடுக்கும்.

இங்கே இரண்டு கண்ணிகள் உண்டு. சாதாரண வேவ் கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்டாது. நான்கு தடம், 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸில் பதிந்தால் ஏறத்தாழ 2 மணி 4 நிமிடத்தில் அந்த எல்லை வந்துவிடும். கருவி கோப்பைத் துண்டுகளாக்கும், அவற்றை வரிசை பிசகாமல் சேர்க்க வேண்டும். மற்றது, நான்கு தடங்களை அடுக்கும் ஒழுங்கு இரண்டு இருக்கிறது: பழைய ஃபூமா, புதிய அம்பிஎக்ஸ். அம்பிஎக்ஸ் கோப்பை ஃபூமா என்று எண்ணி ஓட்டினால் இடப்பக்கத்து ஒலி முன்னால் வரும், முன்னால் இருந்தது உச்சந்தலைக்குப் போகும். எந்த ஒழுங்கு என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவைப்பது நல்லது.

மட்டக்களப்பு வாவிக்குள்ளிருந்து இரவில் கேட்கும், 'பாடும் மீன்' என்று பெயர்பெற்ற ஒலிக்கு அம்பிசோனிக்ஸ் முறை அப்படியே பொருந்தாது. 1848இல் மட்டக்களப்புக்கு வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட், இரவில் ஓடத்தில் போகும்போது ஒலி இடத்துக்கு இடம் கூடிக் குறைந்ததையும் அது ஒரே ஒலியாக இல்லாமல் பல சிற்றொலிகளாகக் கேட்டதையும் எழுதியிருக்கிறார். அது ஊரி என்னும் சிறு சங்கின் ஒலி என்பது அன்று ஊரார் சொன்ன விளக்கம். கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க இயேசு சபைத் துறவியான லாங் அடிகளார் அதை நீருக்குள் பதிவு செய்தார். இலங்கை வானொலியில் அது ஒலிபரப்பானது. நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1500 மீற்றர் ஓடும், காற்றில் 340. இரு காதுக்கும் ஒலி வந்து சேரும் நேர இடைவெளியைக் கொண்டே மூளை திசையைப் பெரிதும் அறிகிறது. நீருக்குள் அந்த இடைவெளி நான்கில் ஒன்றுக்கும் கீழே சுருங்குகிறது. ஆகவே வாவியின் கல்லடிப் பகுதியில் இரண்டு நீரடி ஒலிவாங்கிகளை இறக்குபவர் அவற்றைக் காதுகளுக்கிடையிலான தூரத்தைப் போல் நான்கு மடங்குக்கு மேல், அதாவது ஏறத்தாழ முக்கால் மீற்றர் விலக்கி வைத்தால்தான் கேட்பவருக்குத் திசை புலப்படும். மீன்களின் ஒலி பெரும்பாலும் சில ஆயிரம் ஹேர்ட்ஸுக்குள் அடங்குவதால் 48 கிலோஹேர்ட்ஸ் தாராளம்.

கோப்பை ஓட்டக் கணினி ஒன்றும் ஏவி ரிசீவர் ஒன்றும் வேண்டும். நடுவில் எச்டிஎம்ஐ கம்பி. பழைய மடிக்கணினியே போதும்; ராஸ்பெரி பை 4 போன்ற சிறு கணினியில் கோடி (Kodi) என்னும் மென்பொருளைப் போட்டும் ஓட்டலாம். விண்டோஸில் ஃபூபார்2000 நல்லது. விஎல்சி அம்பிசோனிக்ஸ் கோப்பையும் பிரித்துத் தரும். கணினியின் ஒலி அமைப்பில் '5.1' என்று தெரிவு செய்யாவிட்டால் அது சத்தமில்லாமல் ஆறு தடத்தையும் இரண்டாக்கிவிடும். ஒளியிழைக் கம்பி சுருக்காத ஒலியில் இரண்டு தடத்துக்கு மேல் கொண்டுபோகாது. ரி.வி.யின் சாதாரண ஏஆர்சி வழியும் அப்படியே. ஈஏஆர்சி என்றால் எட்டுத் தடமும் போகும். கணினியை ரி.வி.யில் செருகாமல் நேரே ரிசீவரில் செருகினால் இந்தத் தொல்லையே இல்லை.

பெட்டியோடு வரும் ஹோம் தியேட்டர் செட் படத்துக்கு ஏற்றது. அதில் பின் ஸ்பீக்கர்கள் கையளவுதான் இருக்கும், மழைக்கும் வெடிக்கும் அது போதும். கூத்தில் பின்னாலிருந்து ஒரு முழுக் குரல் தரு பாடிக்கொண்டு வருகிறது. அந்தக் குரல் முன்னால் வந்ததும் ஆளே மாறியதுபோல் ஒலித்தால் வட்டம் உடைந்துவிடும். ஆகவே களரிக்கு ஒரேவகை ஸ்பீக்கர் நான்கை, கேட்பவரிடமிருந்து சம தூரத்தில், சதுரத்தின் நான்கு மூலையில் வைப்பது சிறந்தது. வட்டுகளும் கேட்க வேண்டுமென்றால் உலகத் தரமுறைப்படி நேர்முன்னே ஒன்று, அதன் இருபுறமும் 30 பாகையில் இரண்டு, 110 பாகையில் இரண்டு என ஐந்து. சீமெந்துச் சுவரும் தரையும் ஒலியைத் திருப்பி அடிக்கும். தடித்த திரையும் தரையில் பாயும் போட்டால் திசை தெளியும். மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்பது 96க்கும் 192க்கும் உள்ள வேறுபாட்டைவிட அதிகம் தரும். இவ்வளவுக்கு வசதியில்லாதவர் அதே கோப்பை இருசெவி முறையில் மாற்றி நல்ல ஹெட்போனில் கேட்கலாம். முன்பின் சற்றுக் குழம்பும், சுற்றி வரும் ஆட்டம் புரியும்.

மூலப் பதிவு எப்போதும் பிரிக்காத நான்கு தட வேவ் அல்லது ஃபிளாக்காக இருக்க வேண்டும், 5.1, ஹெட்போன் வடிவங்கள் அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கத்தக்கவை. 1978 நவம்பர் சூறாவளியும் 2004 டிசம்பர் ஆழிப்பேரலையும் கண்ட கரை இது. ஒரு பிரதி மாவட்டத்துக்கு வெளியே இருப்பது அவசியம். ஃபிளாக் கோப்பின் தலைப்பகுதியில் மூல ஒலியின் எம்டி5 அடையாள எண் பதிந்திருக்கும். சோதனைக் கட்டளை கொடுத்தால் மென்பொருள் ஒலியை விரித்து அந்த எண்ணோடு ஒப்பிட்டு, கோப்பு பழுதா இல்லையா என்று சொல்லிவிடும். ஆண்டுக்கொரு முறை இதைச் செய்து, பழுதான கோப்பை மற்றப் பிரதியிலிருந்து மாற்றிக்கொள்ள வேண்டும்.