புறம்போக்கு நிலமும் சூரிய மின்சாரமும்

'புறம்போக்கு' என்று ஒருவரைத் திட்டுவது நம்மிடையே வழக்கம். உண்மையில் அது வருவாய்த்துறைச் சொல். தீர்வை விதிக்காமல் கணக்குக்கு வெளியே விட்ட நிலம் என்று பொருள். ஏரி, பாதை, சுடுகாடு, மேய்ச்சல் தரை எல்லாம் இதில் அடங்கும். சோழர் கல்வெட்டுகளில் 'கன்று மேய்பாழ்' என்றொரு சொல் உண்டு. பாழ்தான், ஆனாலும் அங்கே கன்று மேய்கிறது என்பதை மறக்காமல் எழுதி வைத்தார்கள். நாம் வாழும் கர்நாடகத்தில் மேய்ச்சல் நிலத்தைக் 'கோமாள' என்கிறார்கள். இந்தச் சொற்களை மனத்தில் வைத்துக்கொண்டு இன்றைய சூரிய மின் பூங்காக்களைப் பார்ப்போம்.

ஒரு மெகாவாட்டுக்குச் சுமார் 4 முதல் 5 ஏக்கர் வேண்டும். இத்தனை நிலத்தை ஆயிரம் பேரிடம் பேரம் பேசி வாங்க எந்த முதலாளி வருவார்? அரசு நிலம் என்றால் ஒரே கையெழுத்து, வில்லங்கம் கிடையாது. வில்லங்கம் இல்லாத சொத்தை நம்பித்தான் கடன் கொடுக்கிறவன் வட்டியைக் குறைப்பான். வியாபாரத்தில் இருக்கிற நமக்கு இது தெரிஞ்ச கணக்குதானே! 2014இல் மத்திய அரசு கொண்டுவந்த பூங்காத் திட்டம் நிலம், சாலை, மின்பாதை மூன்றையும் முன்கூட்டியே தயார் செய்து கொடுத்தது. ராஜஸ்தானின் தார்ப் பாலைவனத்தில் உள்ள பட்லா பூங்கா 2,245 மெகாவாட் கொண்டது. அங்கே 2017 மே மாத ஏலத்தில் யூனிட் விலை 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கியது. தகடுகளின் விலை வீழ்ச்சியோடு நிலக் கொள்கையும் இதற்கு ஒரு காரணம்.

ஆதாயம் இப்படி என்றால் நஷ்டம் யாருக்கு? பாலைவனத்து அரசு நிலத்தில் ஆடு, ஒட்டகம் மேய்த்தவர்களிடம் பட்டா இல்லை. ஆகவே குத்தகைப் பணமும் இல்லை.

பெங்களூருக்கு வடக்கே, தும்கூர் மாவட்டத்துப் பாவகடாவில் வேறு வழியைக் கையாண்டார்கள். 2,050 மெகாவாட் பூங்காவுக்கு ஐந்து கிராமங்களில் ஏறத்தாழ 13,000 ஏக்கரை விவசாயிகளிடமிருந்து விலைக்கு வாங்காமல் நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்தார்கள். தொடக்கத்தில் ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய். இரண்டாண்டுக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வு. வறட்சிச் சீமையில் மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் கைக்கு வரும் காசு இது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதே வயலில் களை எடுத்துக் கூலி வாங்கிய நிலமற்றவருக்கு இதில் பங்கில்லை.

வேலைவாய்ப்பு என்று பெரிதாகப் பேசுகிறார்களே, அதையும் பிரித்துப் பார்க்கணும். தகடு பதிக்கும் காலத்தில் ஏராளமான ஆட்கள் வேண்டும். பதித்து முடிந்தபின் மிஞ்சுவது தகடு கழுவுவது, புல் வெட்டுவது, காவல், சில பொறியாளர் வேலைகள். பாசன நிலமோ ஆடு மாடோ தரும் அளவுக்கு அது ஆட்களைத் தாங்காது.

ராஜஸ்தானில் 'ஓரண்' எனப்படும் தெய்வக் காடுகள் பல அரசுப் பதிவில் வெறும் தரிசாகவே கிடந்தன. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவற்றை அளந்து, காடாகப் பதிவு செய்யும்படி மாநில அரசுக்கு உத்தரவிட்டது. பதிவேட்டில் ஒரு சொல் மாறினால் ஒரு ஊரின் பிழைப்பே மாறும் என்பதற்கு இது சான்று.

சூரிய மின்சாரம் வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. கரி புகையாத மின்சாரம் உயிர்களுக்கு நன்மைதான். ஆனால் கையெழுத்துப் போடுமுன் அந்த நிலத்தில் யார் மேய்க்கிறார், யார் கூலிக்குப் போகிறார் என்று எழுதி, அவர்களுக்கும் வாடகையில் ஒரு பங்கும் வேலையில் முதல் இடமும் வைக்க வேண்டும். 'கன்று மேய்பாழ்' என்று எழுதிய நம் முன்னோருக்கு அந்தக் கணக்கு தெரிந்திருந்தது.