அர்க்காவதியை வற்ற வைத்தது யார்?

பெங்களூரில் குழாயைத் திறந்தால் வருவது காவிரித் தண்ணீர். சுமார் 100 கிலோ மீட்டர் தூரத்தில் இருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்கு ராட்சத பம்புகள் மூலம் ஏற்றிக் கொண்டு வருகிறார்கள். 1974-ம் ஆண்டில் முதல் காவிரித் திட்டம் வருவதற்கு முன் இந்த நகரின் தாகத்தைத் தீர்த்தது அர்க்காவதி ஆறு.

அர்க்காவதி நந்தி மலையில் பிறக்கிறது. கனகபுராவைத் தாண்டி, சங்கமம் என்ற இடத்தில் காவிரியில் கலக்கிறது. அதன் குறுக்கே இருந்த ஹெசரகட்டா ஏரியில் இருந்து 1890-களில் நகருக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. 1933-ல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கமும் சேர்ந்துகொண்டது. பின்னாளில் இரண்டுக்கும் நீர்வரத்து சுருங்கிப் போனது.

மழை பொய்த்ததா?

மனிதருக்கும் தண்ணீர் வேண்டும். ஆறும் பிழைக்க வேண்டும். இரண்டுக்கும் வழி என்ன? இது இன்று டாக்டர் பட்ட ஆய்வுகளுக்கு உரிய பெரிய கேள்வி. அதற்கு அர்க்காவதி நல்ல உதாரணம்.

ஆறு வற்றிய காரணத்தை ஆராய்ந்தவர்கள் 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். போலீசார் சந்தேக நபர்களை ஒவ்வொருவராக விசாரிப்பதுபோல மழை, வெயில், ஆழ்துளைக் கிணறு, தைல மரம், தடுப்பணை என்று ஒவ்வொன்றாக அலசினார்கள். மழையும் வெயிலும் முக்கியக் குற்றவாளிகள் அல்ல என்று தெரிந்தது. கிணறுகளும் தைல மரத் தோப்புகளுமே பெரும் காரணம். தடுப்பணைகளுக்கும் ஓரளவு பங்கு உண்டு.

மழை இல்லாத நாளிலும் ஆறு ஓடுவது நிலத்தடி ஊற்றால்தான். கிணறுகள் ஊற்றை உறிஞ்சிவிட்டால், பெய்யும் மழையைக் காய்ந்த மண்ணே குடித்துவிடும். ஆற்றுக்கு மிச்சம் இருக்காது. புதிதாகத் தைல மரம் நடுவதற்கு கர்நாடக அரசு 2017-ல் தடை விதித்தது.

இரட்டை நஷ்டம்

அர்க்காவதி வற்றியதால் நகரம் காவிரியையே நம்ப வேண்டியதாயிற்று. இங்கே செலவாகும் காவிரி நீரில் ஒரு பகுதி, சாக்கடையாக விருஷபாவதியில் இறங்கி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்கே திரும்புகிறது. நல்ல நீரைக் கொடுத்துவிட்டு அழுக்கு நீரை வாங்கிக்கொள்கிறது காவிரி. அதே காவிரிதான் அங்கிருந்து மேட்டூருக்கும் போகிறது.

காவிரி நடுவர் மன்றம் 2007-ல் 740 டி.எம்.சி. நீரைப் பங்கிட்டபோது, சுற்றுச்சூழலைக் காக்க என்று 10 டி.எம்.சி.யைத் தனியாக ஒதுக்கியது. ஆற்றுக்கும் ஒரு பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்ட கணக்கு அது. விவசாயியின் கிணற்றிலும், அடுக்குமாடி வீட்டின் மோட்டாரிலும் அந்தப் பங்கை மிச்சம் வைத்தால்தான் ஆறு ஆறாக ஓடும்.