மருத்துவ வண்டிக்குள் செல்போன் சிக்னல்: பூஸ்டர் வேண்டாம், ஆண்டெனா போதும்



புதுச்சேரி குருசுக்குப்பம் கடற்கரையோரம் ஒரு நடமாடும் மருத்துவ வண்டி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மார்வலி என்று வந்த மீனவப் பெரியவரை உள்ளே படுக்க வைத்து, நர்ஸ் இ.சி.ஜி. எடுக்கிறார். அதைப் படம்பிடித்து மருத்துவமனையிலுள்ள இருதய மருத்துவருக்கு உடனே அனுப்ப வேண்டும். ஆனால் போனில் ஒரு கோடுகூட இல்லை. நர்ஸ் போனை எடுத்துக்கொண்டு படியிறங்கித் தெருவுக்கு வருகிறார். அங்கே நான்கு கோடுகள் தெரிகின்றன. அவர் தெருவில் நின்று டாக்டரிடம் பேசுகிறார், நோயாளியோ உள்ளே தனியாகப் படுத்திருக்கிறார்.

இப்படிப்பட்ட வண்டிகளைத் தாங்கி உதவும் நல்லுள்ளங்கள், "ஒரு சிக்னல் பூஸ்டர் வாங்கித் தரலாமா?" என்று கேட்பதுண்டு. வெளிநாட்டிலுள்ள நண்பர்கள், "இங்கே கடையிலேயே கிடைக்கிறது, வரும்போது கொண்டுவருகிறோம்" என்பார்கள். அன்பான எண்ணம்தான். ஆயினும் அதை ஏன் ஏற்கக்கூடாது என்பதையும், அதற்குப் பதிலாக எது உதவும் என்பதையும் இங்கே விளக்க விரும்புகிறோம்.

குறை எங்கே இருக்கிறது?

மேலே சொன்ன காட்சியைக் கவனியுங்கள். தெருவில் சிக்னல் இருக்கிறது, வண்டிக்குள்தான் இல்லை. ஆகவே குறை கோபுரத்தில் இல்லை, வண்டியின் உடம்பில் இருக்கிறது. உலோகத்தால் சூழப்பட்ட அறைக்குள் வெளியிலுள்ள மின்விளைவு நுழையாது என்பதை 1836ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே என்ற ஆங்கில விஞ்ஞானி செய்து காட்டினார். நமது வண்டியும் ஏறக்குறைய அப்படிப்பட்ட தகரப் பெட்டியே. ஜன்னல் வழியாக மட்டும் சிறிது அலை நுழையும். வெயிலுக்காக ஜன்னலில் உலோகப் பூச்சுள்ள ஃபிலிம் ஒட்டிவிட்டால் அந்த வழியும் குறுகிவிடும்.

பூஸ்டர் என்ன செய்கிறது?

பூஸ்டரில் மூன்று பாகங்கள் உண்டு. கூரைமேல் ஓர் ஆண்டெனா, நடுவில் அலையைப் பெருக்கும் பெட்டி, வண்டிக்குள் மற்றொரு சிறிய ஆண்டெனா. கோபுரத்திலிருந்து வரும் அலையைப் பெருக்கி உள்ளே தரும். உள்ளிருக்கும் போனின் அலையைப் பெருக்கி வெளியே அனுப்பும். இந்தப் பெருக்கத்தை டெசிபல் என்ற அளவால் சொல்வார்கள். 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு, 20 என்றால் நூறு மடங்கு, 50 என்றால் ஒரு லட்சம் மடங்கு!

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. பொதுக்கூட்டத்தில் மைக்கை ஒலிபெருக்கிக்கு அருகில் கொண்டுபோனால் 'கீ...' என்று அலறுமல்லவா? ஒலிபெருக்கியின் சத்தம் மறுபடியும் மைக்குக்குள் புகுந்து சுற்றிச் சுற்றிப் பெருகுவதால் வரும் அலறல் அது. கூரை ஆண்டெனாவும் உள் ஆண்டெனாவும் ஒன்றையொன்று 'கேட்கும்' அளவுக்கு நெருங்கிவிட்டால் பூஸ்டரும் இப்படியே அலறும். மைக்கின் அலறல் காதில் விழுவதால் யாராவது ஓடிப்போய் நிறுத்துவார்கள். பூஸ்டரின் அலறல் நம் காதில் விழாது, ஆனால் கோபுரத்துக்குக் கேட்கும். அந்த இரைச்சலில், அதே கோபுரத்தை நம்பியிருக்கும் மற்றவர்களின் மெல்லிய அழைப்புகள் அமுங்கிப்போகும். நம் வண்டிக்குள் கோடுகள் நிறைந்திருக்க, இரண்டு தெரு தள்ளி ஒரு தாய் 108 வண்டியைக் கூப்பிட முடியாமல் தவிக்கக்கூடும். ஒரு நோயாளிக்கு உதவப்போய் இன்னொரு நோயாளிக்குத் தடையாகலாமா?

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டிகளில் பூஸ்டர் வைத்துக்கொள்வது வழக்கம். அங்கேயும் தொல்லைகள் எழுந்ததால் 2013இல் கடுமையான விதிகள் வகுக்கப்பட்டன. அலறத் தொடங்கினால் தானே அடங்கும் கருவிகளையே விற்கலாம். அவற்றையும் போன் நிறுவனத்திடம் பதிவு செய்ய வேண்டும்.

நம் நாட்டில் அந்த அனுமதியும் இல்லை. ரேடியோ கருவிகளை அரசின் அனுமதியின்றி வைத்திருக்கக் கூடாது என்று 1933ஆம் ஆண்டுச் சட்டமே கூறியது. உரிமம் பெற்ற போன் நிறுவனங்களைத் தவிர வேறு எவரும் பூஸ்டரை வைத்திருப்பதோ, விற்பதோ, பயன்படுத்துவதோ சட்டவிரோதம் என்று தொலைத்தொடர்புத் துறை 2022 ஜூலையில் பொதுமக்களுக்கு அறிவித்தது. 2023ஆம் ஆண்டின் புதிய தொலைத்தொடர்புச் சட்டமும் ரேடியோ கருவிக்கு அனுமதி வேண்டும் என்பதைத் தளர்த்தவில்லை. தர்ம காரியத்துக்கென்று தனி விலக்கு இல்லை. மேலும், அமெரிக்கப் பூஸ்டர் அந்நாட்டு அலைவரிசைகளுக்காகச் செய்யப்பட்டது. இங்கே பயன்படும் 900, 1800, 2300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் அது பெரும்பாலும் உதவாது.

அப்படியானால் என்ன செய்யலாம்?

வழி எளியது. தெருவிலிருக்கும் சிக்னலைப் பெருக்கத் தேவையில்லை, தகரத்தைத் தாண்டி உள்ளே கொண்டுவந்தால் போதும். அதற்குச் சிம் கார்டு போடும் 4ஜி ரவுட்டர் ஒன்றும், கூரையில் பொருத்தும் ஆண்டெனாவும் தேவை. ரவுட்டரும் போனைப் போன்ற ஒரு கருவிதான். கோபுரத்தின் கட்டளைப்படியே தன் சக்தியைக் கூட்டிக் குறைக்கும், ஆகையால் பிறருக்குத் தொல்லை இல்லை. அது வண்டிக்குள் வைஃபை தரும். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் வைஃபை வழியாகவே சாதாரண அழைப்புப் பேசும் வசதியைத் தொடங்கின. போனும் சிம்மும் இதற்கு ஏற்றவையாக இருந்தால், அமைப்புப் பக்கத்தில் அதை ஒருமுறை இயக்கிவிட்டால் போதும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை:

1. ஆண்டெனாவைக் கூரையில் ஏ.சி. பெட்டிக்குச் சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். உயரம் குறைந்ததே நல்லது. நகரத்துப் பழைய வாயில்களும் கிராமத்து மரக்கிளைகளும் உயர்ந்த கம்பியை முறித்துவிடும்.

2. 4ஜி ரவுட்டருக்குப் பொதுவாக இரண்டு ஆண்டெனா கேபிள்கள் தேவை. ஒன்றை மட்டும் இணைத்தால் வேகம் குறையும்.

3. கேபிள் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. மெல்லிய கேபிளில் மூன்று நான்கு மீட்டரிலேயே பாதிச் சக்தி வீணாகலாம். ரவுட்டரை ஆண்டெனாவுக்கு நேர் கீழே வைத்துவிடலாம்.

4. கூரைத் துளையை ரப்பர் வளையமும் சீலண்டும் கொண்டு நன்றாக அடைக்க வேண்டும். புதுச்சேரியின் உப்புக்காற்றில் சாதாரண ஆணி சீக்கிரம் துருப்பிடிக்கும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டே ஏற்றது.

5. வண்டியின் பேட்டரி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பார்த்து, ஃபியூஸ் வைத்து இணைக்க வேண்டும்.

6. வாங்குமுன் இரண்டு மூன்று நிறுவனங்களின் சிம்களைக் கொண்டு, வண்டி வழக்கமாக நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சிம்முக்குப் பாகூரில் கிடைப்பது வில்லியனூரில் கிடைக்காமல் போகலாம்.

ரவுட்டர் பழுதானாலும் ஒன்றை நினைவில் வையுங்கள். நம் நிறுவனத்தின் சிக்னல் இல்லாத இடத்தில் வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டினால், 112 என்ற அவசர எண்ணை அழைக்க முடியும்.

சிக்னலே எட்டாத இடத்தில்?

தெருவிலும் சிக்னல் இல்லாத ஊரில் இந்த ஏற்பாடு உதவாது, பூஸ்டரும் உதவாது. இல்லாததைப் பெருக்க முடியாதல்லவா? அதற்கும் நம் பக்கத்திலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையிலுள்ள சூனாம்பேடு வட்டாரத்தில், சென்னையின் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று 2006இல் ஒரு மருத்துவ வண்டியை ஓட்டத் தொடங்கியது. இஸ்ரோவின் உதவியால் அதன் கூரையில் செயற்கைக்கோள் தட்டு இருந்தது. கிராமத்தில் எடுத்த விழித்திரைப் படங்கள் அதன் வழியாகச் சென்னை மருத்துவர்களுக்குச் சென்றன. 42 கிராமங்களில் இருபத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் பரிசோதிக்கப்பட்டார்கள். செயற்கைக்கோள் வசதி இல்லாத வண்டிகள் படங்களைச் சேமித்துவைத்து, சிக்னல் கிடைத்தவுடன் அனுப்பலாம். அவசரமில்லாத நோய்களுக்கு அதுவே போதுமானது.

ஆகவே, அன்பு நண்பர்களே, எந்த மருத்துவ வண்டிக்காவது தொடர்பு வசதி செய்து தர நினைத்தால் பூஸ்டரை அனுப்பாதீர்கள். இங்கேயே கிடைக்கும் ஒரு ரவுட்டர், ஓர் ஆண்டெனா, சில மீட்டர் நல்ல கேபிள், ஓர் ஆண்டுக்கான சிம் கட்டணம் ஆகியவை போதும். மறுபடியும் மார்வலியோடு ஒருவர் வரும்போது, நர்ஸ் தெருவுக்கு ஓட வேண்டியதில்லை. ஒரு கையில் போனும் மறு கையில் நோயாளியின் நாடியுமாக, அவர் அருகிலேயே நின்று டாக்டரிடம் பேசலாம்.