உங்களுக்குத் தெரியுமா? ஆம்புலன்ஸ்காரருக்கு முன்னால் இரண்டு வழி

அமெரிக்காவில் ஐந்தாறு வருடம் ஆம்புலன்ஸில் பாராமெடிக்காக ஓடியவர்களில் பலர் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்து சேர்கிறார்கள்: டாக்டருக்குப் படிப்பதா, டாக்டரோடு சேர்ந்து நோயாளிகளைப் பார்க்கும் பிசிஷியன் அசிஸ்டன்ட்டுக்குப் படிப்பதா? "முடிந்தால் டாக்டர், முடியாவிட்டால் மற்றது" என்று வீட்டிலும் வெளியிலும் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். அது சரியான பதில் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஏன் என்பதை இந்த வாரத் துணுக்குகளே சொல்லட்டும்.

● பி.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் பிசிஷியன் அசிஸ்டன்ட் படிப்பு யாருக்காகத் தொடங்கப்பட்டது தெரியுமா? ஆம்புலன்ஸ்காரரைப் போன்றவர்களுக்காகத்தான். 1965-ல் வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட் முதல் வகுப்பைத் தொடங்கியபோது சேர்ந்தவர்கள் நான்கே பேர். நால்வரும் கடற்படையில் மருத்துவப் பணியாளர்களாக இருந்தவர்கள். கை தேர்ந்திருந்தது, ஊருக்குத் திரும்பியதும் அந்தக் கைக்கு ஏற்ற வேலைதான் இல்லை. 1967 அக்டோபர் 6 அன்று மூன்று பேர் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள். அக்டோபர் 6 ஸ்டெட்டின் பிறந்தநாளும்கூட. இன்றும் பி.ஏ. வாரம் அந்தத் தேதியில்தான் ஆரம்பிக்கிறது.

● ஸ்டெட்டுக்கு முன்பே ஒருவர் அந்த வேலையைச் செய்து காட்டியிருந்தார். அதே மாநிலத்தில் கார்லண்ட் என்ற சிற்றூர். அங்கே ஏமஸ் ஜான்சன் என்ற பொது மருத்துவர். அவரிடம் வேலை பார்த்த ஹென்றி ட்ரெட்வெல் என்ற கறுப்பினத்தவரை ஊரார் 'பட்டி' என்று கூப்பிட்டார்கள். கல்லூரிப் பட்டம் இல்லை. டாக்டர் பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக்கொடுத்ததுதான் படிப்பு. ஜான்சன் பொது மருத்துவர்களின் தேசிய அமைப்புக்கே தலைவராக இருந்தவர். அடிக்கடி வெளியூர் போவார். அந்த நாட்களில் கிளினிக்கைத் தாங்கிப் பிடித்தவர் ட்ரெட்வெல். வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிக் கதவு வைத்திருந்த காலத்தில், தெற்கு மாநிலம் ஒன்றில் நடந்தது இது. டியூக் மருத்துவர்கள் இதைக் கவனித்தார்கள். ஒரு தொழிலே உருவாக இந்த மனிதரின் திறமையும் ஒரு காரணம். அவர் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

● ஸ்டெட் முதலில் தேடியது நர்ஸ்களைத்தான். 1950-களின் இறுதியில் தெல்மா இங்கிள்ஸ் என்ற நர்ஸுடன் சேர்ந்து, அனுபவமுள்ள நர்ஸ்களுக்கான உயர் பயிற்சி ஒன்றை உருவாக்கினார். நர்ஸிங் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு அதை ஏற்கவில்லை. அதன் பிறகே அவர் பார்வை படை வீரர்கள் பக்கம் திரும்பியது.

● முதல் பெண் பி.ஏ. ஜாய்ஸ் நிக்கல்ஸ். கறுப்பினத்தவர். டியூக்கில் 1970-ல் படிப்பை முடித்தார்.

● 1960-களில் அமெரிக்காவின் பல ஊர்களில் ஆம்புலன்ஸாக ஓடியது சவ ஊர்தி! ஆளைப் படுக்க வைத்து ஏற்றிப்போகும் நீளமான வண்டி ஈமச்சடங்கு நடத்துகிறவர்களிடம்தான் இருந்தது. நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறத்தாழ பாதியை அவர்களே நடத்துகிறார்கள் என்று 1966-ல் தேசிய அறிவியல் கழகத்தின் அறிக்கை ஒன்று சொன்னது. பிட்ஸ்பர்க் நகரில் போலீஸ் வேன். பின்னால் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓட்ட வேண்டியதுதான். உள்ளே வைத்தியம் பார்க்க ஆள் கிடையாது.

அந்தப் பிட்ஸ்பர்க்கில்தான் மாற்றமும் தொடங்கியது. இன்று நாம் சி.பி.ஆர். என்று சொல்லும் உயிர்மீட்பு முறையை வகுத்தவர்களில் முதன்மையானவர் பீட்டர் சாஃபர், வியன்னாவில் பிறந்த மயக்க மருத்துவர். 1966-ல் ஆஸ்துமாவுக்குத் தன் மகளைப் பறிகொடுத்தார். அடுத்த ஆண்டு, ஹில் டிஸ்டிரிக்ட் என்ற ஏழைக் கறுப்பினக் குடியிருப்பில், வேலையில்லாத இளைஞர்களைச் சேர்த்து 'ஃப்ரீடம் ஹவுஸ்' ஆம்புலன்ஸ் சேவை பிறந்தது. சிலர் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர்கள். சாஃபர் வகுத்த முன்னூறு மணி நேரப் பயிற்சி. 'இவர்களுக்கு வேலை கொடுக்க முடியாது' என்று ஊர் ஒதுக்கிவைத்தவர்கள், நாட்டிலேயே சிறந்த ஆம்புலன்ஸ் குழுக்களில் ஒன்றாக நின்றார்கள். பின்னாளில் அவர்களுக்கு மருத்துவ இயக்குநராக வந்த நான்சி கரோலின் எழுதியதுதான் பாராமெடிக்குகளுக்கான புகழ்பெற்ற பாடநூல். 1975-ல் நகராட்சி சொந்தமாக ஆம்புலன்ஸ் சேவை தொடங்கி, ஃப்ரீடம் ஹவுஸை மூடிவிட்டது. நினைத்தால் மனம் ஆறவில்லை.

அந்தக் குழுவில் ஓடிய ஜான் மூன், நகர ஆம்புலன்ஸ் துறையில் துணைத் தலைமைப் பொறுப்பு வரை உயர்ந்தார். இதையும் சொல்லியாக வேண்டும்: டாக்டரும் ஆகாமல், பி.ஏ.வும் ஆகாமல் பாராமெடிக்காகவே வாழ்ந்து பெருமை சேர்த்தவர்கள் உண்டு.

● பிறகு ஏன் வேறு படிப்பு தேடுகிறார்கள்? சம்பளம், முதுகுவலி, தூக்கமில்லாத இரவு எல்லாம் காரணம்தான். எமர்ஜென்சி வார்டு வாசலில் நடக்கும் ஒரு காட்சியும் காரணம்.

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறார் பாராமெடிக். "வயது 58, ஆண். நாற்பது நிமிடமாக நெஞ்சுவலி. ஆஸ்பிரின் 324 மில்லிகிராம் கொடுத்தாயிற்று. இடது கையில் ட்ரிப்ஸ் லைன் போட்டிருக்கிறது. ஈ.சி.ஜி. இதோ." (324 என்பது விநோதமான கணக்காகத் தோன்றும். 81 மில்லிகிராம் மாத்திரை நான்கைச் சேர்த்து மெல்லக் கொடுப்பார்கள், அதுதான் கணக்கு.) அரை நிமிடத்தில் எல்லாம் சொல்லி முடிகிறது. நோயாளியைக் கட்டிலுக்கு மாற்றுகிறார்கள். நர்ஸ் கையெழுத்துப் போடுகிறார். திரை மூடுகிறது. பாராமெடிக் வெளியே வந்து, கிருமிநாசினித் தாளால் ஸ்ட்ரெச்சரின் கைப்பிடி, பெல்ட், மெத்தை என்று வரிசையாகத் துடைக்கிறார். புது விரிப்பைப் போட்டு ஓரத்தை மடித்துச் செருகுவதற்குள் ரேடியோவில் அடுத்த அழைப்பு.

அந்த 58 வயதுக்காரருக்கு அப்புறம் என்ன ஆயிற்று? பெரும்பாலும் தெரியாமலே போய்விடும். அந்தத் திரைக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்ற ஆசைதான் பலரைப் படிக்க வைக்கிறது. அந்தப் பக்கம் டாக்டரும் நிற்கிறார், பி.ஏ.வும் நிற்கிறார்.

● பி.ஏ. என்பவர் டாக்டருக்குப் பை தூக்குகிறவர் இல்லை. நோயாளியைப் பரிசோதிப்பார், நோயைக் கண்டறிவார், காயம் தைப்பார், அறுவை சிகிச்சையில் துணை நிற்பார். 50 மாநிலங்களிலும் மருந்து எழுதித்தரச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் தலைமை அறுவை மருத்துவராகக் கத்தி பிடிக்க வேண்டும் என்பது ஒருவரின் கனவானால், அதற்கு மருத்துவக் கல்லூரியைத் தவிர வேறு வழி கிடையாது. அந்த ஆசை உள்ளவர் பி.ஏ. பக்கம் போனால் ஆயுசுக்கும் குறை இருக்கும்.

● பாராமெடிக் ஓடிய மணி நேரங்களுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. பல பி.ஏ. கல்லூரிகள் விண்ணப்பத்திலேயே 'நோயாளியோடு நேரடியாக எத்தனை மணி நேரம் வேலை பார்த்தீர்கள்?' என்று கேட்கும். ஆயிரம், இரண்டாயிரம் என்று வரம்பு வைத்திருக்கும் கல்லூரிகள் உண்டு. 24 மணி நேரம் டூட்டி, 48 மணி நேரம் ஓய்வு என்ற முறையில் வேலை பார்ப்பவருக்கு வாரச் சராசரி 56 மணி நேரம். ஒரே வருடத்தில் அந்த வரம்பைத் தாண்டிவிடுவார். மருத்துவக் கல்லூரியும் அந்த அனுபவத்தை மதிக்கும். ஆனால் அங்கே கல்லூரி மதிப்பெண்ணும் நுழைவுத் தேர்வும்தான் முதலில் பேசும்.

● பலர் தடுக்கி விழும் இடம் இது. பாராமெடிக் சான்றிதழ் வேறு, பட்டப்படிப்பு வேறு. இரண்டு வழிக்குமே பொதுவாக இளநிலைப் பட்டம் வேண்டும். உயிரியல், வேதியியல், உடலியங்கியல் என்று முன்தேவைப் பாடங்களும் உண்டு. அட்ரினலின் அளவைத் தூக்கத்தில் கேட்டாலும் சரியாகச் சொல்கிறவர், இருபத்தெட்டு வயதில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கரிம வேதியியல் படிக்க வேண்டியிருக்கும். இரவு டூட்டி முடித்த கையோடு. இதைச் செய்து காட்டுகிறவர்களைப் பார்த்தால் கும்பிடத் தோன்றுகிறது.

● அமெரிக்க மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்-கேட், இடைவேளைகளையும் சேர்த்து ஏறத்தாழ ஏழரை மணி நேரம்! 230 கேள்விகள். மதிப்பெண் 472-ல் தொடங்கி 528-ல் முடியும். நான்கு பகுதிகளில் ஒன்றுக்கு அறிவியலே வேண்டாம். கொடுத்த பத்திகளைப் படித்துப் புரிந்துகொண்டு பதில் எழுத வேண்டும்.

● வயதுக் கணக்கைப் பார்ப்போம். பட்டமும் முன்தேவைப் பாடங்களும் முடித்த 28 வயதுக்காரர் ஒருவர். விண்ணப்பிக்க ஒரு வருடம் போகட்டும். பி.ஏ. படிப்பு சராசரியாக 27 மாதம். 31 வயதில் வேலைக்குப் போய்விடலாம். டாக்டர் என்றால் நான்கு வருடம் கல்லூரி, அதன் பிறகு ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி. குடும்ப மருத்துவத்துக்கு மூன்று வருடம், நரம்பு அறுவை சிகிச்சைக்கு ஏழு வருடம். ஆக 36, அல்லது 40. ரெசிடென்சியில் சம்பளம் உண்டு. ஆனால் டாக்டர் சம்பளம் அல்ல. கூடுதல் வருடங்கள் வீண் என்று சொல்ல மாட்டேன். அபூர்வ நோய் எதிரே வந்து உட்காரும்போது அந்த வருடங்கள்தான் கைகொடுக்கும். இருந்தாலும் வீட்டில் கைக்குழந்தை இருந்தால், அந்த வருடங்களில் அது பள்ளிக்கூடம் போயிருக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

● எந்த ஊரில் ரெசிடென்சி என்பதை முடிவு செய்வது ஒரு கணினி நிரல். மாணவர் தன் விருப்ப வரிசையைக் கொடுப்பார், மருத்துவமனையும் தன் வரிசையைக் கொடுக்கும். மார்ச் மாதத்தின் மூன்றாவது வெள்ளிக்கிழமை முடிவு தெரியும். இந்தப் பொருத்தம் பார்க்கும் முறையைச் செம்மைப்படுத்திய ஆல்வின் ராத், லாயிட் ஷாப்லியோடு 2012-ல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சொந்த வீடும், வேலைக்குப் போகும் மனைவியும் உள்ள பாராமெடிக்குக்கு அந்த வெள்ளிக்கிழமை சாதாரண நாள் இல்லை.

● ரெசிடென்ட் டாக்டர் வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது என்ற நாடு தழுவிய விதி 2003-ல்தான் வந்தது. அதுவும் நான்கு வாரச் சராசரி.

● பி.ஏ.வுக்கு மட்டும் உள்ள வசதி ஒன்று: எலும்பு முறிவுப் பிரிவில் ஐந்து வருடம் இருந்துவிட்டு இதயப் பிரிவுக்கு மாறலாம். புதிதாக ரெசிடென்சி தேவையில்லை; வேலையில் சேர்ந்தே கற்றுக்கொள்ளலாம். டாக்டர் துறை மாற நினைத்தால் மறுபடி ரெசிடென்சி. காலையில் பிரசவம், மதியம் விபத்து, மாலையில் மாரடைப்பு என்று பழகிய பாராமெடிக்குக்கு ஒரே துறையில் ஆயுள் முழுதும் அடைபடுவது ஒத்துவருமா என்று தன்னையே கேட்டுக்கொள்வது நல்லது.

● பணம்? 2023-ல் அமெரிக்க பாராமெடிக்கின் இடைநிலை ஆண்டு வருமானம் சுமார் 53,000 டாலர், பி.ஏ.வுக்குச் சுமார் 1,30,000 டாலர். டாக்டர் அதைவிட அதிகம் சம்பாதிப்பார். ஆனால் கடன் வாங்கிப் படிக்கும் மருத்துவ மாணவர் பட்டம் பெறும்போது சுமார் 2 லட்சம் டாலர் கடனோடு வெளியே வருவது சாதாரணம். விதிவிலக்கும் உண்டு. நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி 2018-ல் கல்விக் கட்டணத்தை நீக்கியது. 2024-ல் ரூத் காட்டெஸ்மன் என்ற மூதாட்டி 100 கோடி டாலர் கொடுத்து ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியிலும் கட்டணம் இல்லாமல் செய்தார்.

● பி.ஏ. ஆன பிறகு டாக்டராக ஆசை வந்தால்? பென்சில்வேனியாவின் லேக் ஈரி ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரியில் பி.ஏ.க்களுக்கென்றே ஒரு தனிப் பாதை இருக்கிறது. நான்கு வருட மருத்துவப் படிப்பை மூன்று வருடத்தில் முடிக்கலாம். அதன் பிறகு ரெசிடென்சி எல்லோருக்கும் போலத்தான்.

● ஒரு பெயர்ச் சண்டை: 'அசிஸ்டன்ட்' என்ற சொல் தங்கள் வேலையைக் குறைத்துக் காட்டுகிறது என்று அமெரிக்க பி.ஏ. சங்கம் 2021-ல் 'பிசிஷியன் அசோசியேட்' என்று மாற்றியது. இங்கிலாந்தில் ஏற்கெனவே 'அசோசியேட்' என்றிருந்ததை, நோயாளிகள் டாக்டர் என்று நினைத்துக் குழம்புகிறார்கள், 'அசிஸ்டன்ட்' என்றே மாற்றுங்கள் என்று 2025-ல் அரசு நியமித்த ஆய்வு பரிந்துரைத்தது! இங்கிலாந்துப் பரிந்துரையின் பக்கம்தான் என் மனம் சாய்கிறது. முன்னால் நிற்பவர் யார் என்பது நோயாளிக்குக் குழப்பமில்லாமல் தெரிய வேண்டும்.

● இந்தியாவில் பி.ஏ. படிப்பு முதலில் தொடங்கிய ஊர் சென்னை. 1992-ல் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில், இதய அறுவை மருத்துவர் கே.எம். செரியன் தொடங்கிவைத்தார். பைபாஸ் அறுவை சிகிச்சையில் டாக்டர் இதயத்தில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே, இன்னொருவர் காலில் கீறி ஒட்டுவதற்கான ரத்தக்குழாயை எடுத்துத் தருவார். இதயப் பிரிவு பி.ஏ.க்கள் செய்யும் வேலைகளில் அதுவும் ஒன்று.

● தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. வண்டி ஓட்டுகிறவரை 'பைலட்' என்றும், பின்னால் நோயாளியோடு இருப்பவரை 'இ.எம்.டி.' என்றும் சொல்வார்கள். அந்த இ.எம்.டி.க்களிலும் டாக்டர் கனவோடு இருப்பவர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு தகவல்: நீட் தேர்வுக்கு இருந்த உச்ச வயது வரம்பு 2022-ல் நீக்கப்பட்டுவிட்டது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்துத் தேவையான மதிப்பெண் வைத்திருக்கும் 32 வயது இ.எம்.டி. ஒருவரும் விண்ணப்பிக்கலாம்.