முந்திப் புறப்படும் அலை

— இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

‘காலமறிதல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்துத் தந்தார் திருவள்ளுவர். மனிதனுக்கு மட்டுமன்று, நாம் சட்டைப் பையில் வைத்திருக்கும் கைப்பேசிக்கும் காலமறிதல் வேண்டும் என்பதைச் சென்ற ஆண்டுதான் நான் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் ஊர் ஜெகதாப்பட்டினத்தை அடுத்த ஒரு கடற்கரைச் சிற்றூர். அப்பா விசைப்படகில் கூலிக்குக் கடலுக்குச் செல்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விடுமுறைக்கு வீட்டிலிருந்தபோது ஒருநாள் இரவு காற்று திடீரென்று திசை மாறியது. அம்மா பதறிப்போய்ச் சொல்ல, அப்பாவை அழைத்தேன். “நாங்க திரும்பி...” என்ற இரண்டு சொற்களோடு குரல் அறுந்தது. விடியும்வரை தொடர்பே இல்லை. காலையில் அப்பா நலமாகக் கரை சேர்ந்தார். ஆனால், “சத்தம் நல்லாத்தானே கேட்டுச்சு, பிறகு ஏன் அறுந்துச்சு?” என்று அம்மா கேட்ட கேள்விக்கு, இயற்பியல் படிக்கும் எனக்கு விடை தெரியவில்லை.

கல்லூரி திறந்ததும் எங்கள் பேராசிரியரிடம் கேட்டேன். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கலாம் என்றார் அவர். தூரம் கூடக் கூட அலை வலுவிழக்கும் என்பது ஒன்று. பூமி உருண்டையாதலால் கரையிலுள்ள கோபுரம் அடிவானத்துக்குக் கீழே மறைந்துவிடும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் நான் எதிர்பார்த்தவையே. மூன்றாவதாக அவர் சொன்ன காரணம்தான் வியப்பாக இருந்தது: நேரம்!

மணியும் பேருந்தும்

நம் கல்லூரிக்குக் கீரனூர், ஆலங்குடி, திருமயம், கறம்பக்குடி எனப் பல திசைகளிலிருந்தும் மாணவர்கள் வருகின்றனர். மணி எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் அடிக்கிறது. ஆனால் புறப்படும் நேரம் ஒன்றன்று. திருக்கோகர்ணத்து நண்பர் உறங்கிக்கொண்டிருக்கும்போதே கறம்பக்குடி நண்பர் பேருந்துக்குக் காத்து நிற்க வேண்டும். கைப்பேசிகளின் நிலையும் இதுவே.

வானொலி அலை விநாடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. எனினும் ஒரு கிலோமீட்டரைக் கடக்க அதற்கும் 3.3 மைக்ரோ விநாடி ஆகிறது. (விநாடியைப் பத்து இலட்சமாகப் பகுத்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரோ விநாடி.) படகு 15 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால், கோபுரத்தின் நேரக் குறிப்பு அங்குள்ள கைப்பேசிக்கு 50 மைக்ரோ விநாடி தாமதமாகவே எட்டும். அதை நம்பிக் கைப்பேசி அனுப்பும் அலை, திரும்பி வர இன்னொரு 50. ஆகத் தாமதம் 100 மைக்ரோ விநாடி.

இந்தத் தாமதத்தால் என்ன கேடு? இரண்டாம் தலைமுறை முறையில் ஓர் அலைவரிசையை எட்டுப் பேர், கண்மாய்த் தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சுவது போலப் பங்கிட்டுக் கொள்கின்றனர். ஒருவர் முறை 577 மைக்ரோ விநாடி மட்டுமே. தாமதமாக வருபவரின் அலை அடுத்தவர் முறைக்குள் புகுந்து, இருவர் பேச்சையும் கெடுத்துவிடும்.

ஆகவே, கைப்பேசி முதலில் அனுப்பும் சிறு அழைப்பைக் கொண்டே கோபுரம் அதன் தாமதத்தை அளந்துவிடுகிறது. பின்னர், “நீ இவ்வளவு முந்தி அனுப்பு” என்று ஆணையிடுகிறது. இந்த ஆணை 0 முதல் 63 வரையான படிகளில் அமையும். ஒரு படி 3.69 மைக்ரோ விநாடி. தூரக் கணக்கில் சுமார் 550 மீட்டர். நம் படகுக்கு 27 படி போதும். 63 படிகளும் தீர்ந்துபோகும் தூரம் 35 கிலோமீட்டர். அதற்கு அப்பால், அலை எவ்வளவு வலுவாக இருந்தாலும், சாதாரண அமைப்பில் பேச இயலாது!

1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு தில்லியிலிருந்த சுக்ராமிடம் பேசி, இந்தியாவில் கைப்பேசிச் சேவை தொடங்கியது. அதன்பின் தலைமுறைகள் மாறின, அளவுகோலும் நுண்மையாயிற்று. நான்காம் தலைமுறையில் ஒரு படி 0.52 மைக்ரோ விநாடி, அதாவது 78 மீட்டர். நம் படகுக்கு இப்போது 192 படி. எல்லையும் சுமார் 100 கிலோமீட்டராக விரிந்தது. ஆனால் பலர் ஒரே கணத்தில் பக்கத்துப் பக்கத்து அலைகளில் அனுப்புவதால், பொறுத்துக்கொள்ளும் தாமதம் வெறும் 4.7 மைக்ரோ விநாடிதான்.

ஒரு கைப்பேசி, இரு பாதைகள்

இன்றைய கைப்பேசி ஒரே அலைவரிசையோடு நிற்பதில்லை. வேகம் வேண்டி 850, 1800 மெகாஹெர்ட்ஸ் போன்ற பல அலைவரிசைகளை ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிறது. த்ரீ-ஜிபிபி என்னும் உலகத் தர அமைப்பு 2011-இல் தன் பத்தாம் வெளியீட்டில் இதற்கு வழிவகுத்தபோது, எல்லா அலைவரிசைகளுக்கும் ஒரே நேர ஆணைதான் இருந்தது. எல்லாம் ஒரே கோபுரத்துக்குச் செல்லும்வரை அதில் குறையில்லை.

ஆனால் ஒரு அலைவரிசையைப் பிடிக்கும் கருவி ஒரு கோபுரத்திலும், மற்றொன்றைப் பிடிக்கும் கருவி வேறிடத்திலும் இருந்தால்? படகிலிருந்து ஒன்று 15 கிலோமீட்டர், மற்றொன்று 9 கிலோமீட்டர் என்று கொள்வோம். முன்னதற்கு 192 படி வேண்டும். பின்னதற்கு 115 போதும். ஒரே ஆணை இரண்டுக்கும் பொருந்தாது. கீரனூரிலிருந்து பேருந்திலும் இரயிலிலும் அனுப்பும் இரு மூட்டைகளுக்குப் புறப்படும் நேரம் வேறுவேறாக இருப்பது போன்றதே இது.

ஆகவே பதினோராம் வெளியீட்டில் அலைவரிசைகளைக் குழுக்களாகப் பிரித்தனர். ஒரே பாதையில் செல்பவை ஒரு குழு. குழுவுக்கு ஓர் ஆணை. நான்கு குழுக்கள்வரை இருக்கலாம். முதற்குழுவில் கைப்பேசி தானே அழைத்துத் தன் தாமதத்தை அறிந்துகொள்கிறது. துணைக்குழுவில் கோபுரம் பணித்த பின்பே அழைக்கிறது. குழுக்களிடையே அனுப்பும் நேர வேறுபாடு சுமார் 32 மைக்ரோ விநாடிக்குள் இருக்க வேண்டும். தூரத்தில் ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

படகு நகர்ந்துகொண்டே இருப்பதால் ஓர் ஆணை நெடுநேரம் செல்லாது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கெடு உண்டு. கெடுவுக்குள் புதிய ஆணை வராவிட்டால் அக்குழு வாய்மூடிவிடும். முதற்குழுவின் கெடு முடிந்தாலோ எல்லாமே அடங்கிவிடும். மீண்டும் முதலிலிருந்து அழைக்க வேண்டியதுதான்.

ஊருக்குப் போனபோது இதையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து அப்பாவிடம் சொன்னேன். அன்றிரவு அறுந்ததற்கு மூன்றில் எது காரணம் என்று என்னால் அறுதியிட முடியவில்லை என்பதையும் சொன்னேன். அவர் வலையைப் பிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, “அப்ப தூரத்துல இருக்கிறவன் முந்திக் கிளம்பணும், அவ்வளவுதானே?” என்றார்.

அவ்வளவுதான், நண்பர்களே! நம்மில் பலர் தொலைவிலிருந்து வருபவர்கள். ஊரால் மட்டுமன்று, வீட்டில் படித்தவர் இல்லாத குறையாலும் தொலைவில் இருப்பவர்கள். கோபுரம் தொலைவில் உள்ளவனைத் தள்ளிவிடுவதில்லை. அவன் தாமதத்தை அளந்து, எவ்வளவு முந்த வேண்டும் என்று அவனுக்கென்று தனியாகச் சொல்கிறது. கெடு முடியுமுன் மறுபடியும் சொல்கிறது. அவ்வாறு எனக்குச் சொன்ன ஆசிரியப் பெருமக்களுக்கு என் நன்றி. முந்திப் புறப்படுவது இனி நம் பொறுப்பு.